தலை நனையாமல் சோறு இல்லை

1

இந்த நாட்டில் பார்க்க வேண்டிய இடம் எது என்று யாரைக் கேட்டாலும், யாரையாவது புதைத்த இடத்தைத்தான் கை காட்டுகிறார்கள். நான் இங்கே வந்து நான்கு வருஷமாகிறது. இதைக் கண்டுபிடிப்பதற்கு அத்தை வர வேண்டியிருந்தது.

இன்று காலை அடுத்த வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலே ஒரு வண்ணத்தாளை நீட்டினார். விடிந்ததும் ரயிலேறி, மூன்று புராதன இடங்களை வழிகாட்டியோடு பார்த்துவிட்டு, அன்றைக்கே வீடு திரும்பும் பயணத்துக்கான விளம்பரம். "உனக்குச் சரித்திரம் பிடிக்குமே" என்றார். போன வருஷம் இதே அக்டோபரில் அத்தையைக் கூட்டிக்கொண்டு நான் போன அதே பயணம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வந்ததிலிருந்து பாத்திரங்களைச் சத்தத்தோடு கழுவிக்கொண்டிருக்கிறேன். எரிச்சலுக்குக் காரணத்தை இங்குள்ளவர்களிடம் சொல்லப்போனால் விளக்கத்துக்கே பாதி நாள் போய்விடும். தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் இருக்கிற உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அத்தை என்பது என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. என் வீட்டுக்காரரைப் பெற்றவரும் அவரே. மாமா போன பிறகு போடி கடைவீதியில் பலசரக்குக் கடையைத் தனியாளாக நடத்துகிறவர். மகனைப் பார்க்க மூன்று மாதம் இருக்கலாம் என்று வந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டுவிட்டால் மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தப்பினால் முதலில் வியர்க்கும், அப்புறம் கை நடுங்கும், அதற்கும் அப்புறம் ஆள் சாய்ந்துவிடுவார். ஒரு தடவை கம்பம் பஸ்ஸில் உத்தமபாளையம் தாண்டுவதற்குள் மயங்கி விழுந்து, யாரோ கலர் சோடாவை வாயில் ஊற்றி எழுப்பியிருக்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போது டாக்டர் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: நேரத்துக்குச் சோறு.

2

எட்டாம் வகுப்பில் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். தேனியில் ஏறினோம். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு போன வேகத்துக்கு நாங்கள் இறங்கி நடந்தே முந்தியிருப்போம். நாயக்கர் மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, காவலாளி ஒருவர் தூரத்திலிருந்து "தொடாதீக, தொடாதீக" என்றார். அந்த மகாலைப் பற்றி அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் கூடவே வந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கினேன்.

எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

பயணத்துக்குப் பெயர் பதியப் போன அன்றைக்கே ஆரம்பித்தது. முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டார்கள். அத்தையின் பெயர் போ. சு. ராஜாத்தி. 'போ' என்பது ஊர், 'சு' என்பது எங்கள் தாத்தா. பாஸ்போர்ட் எழுதிய புண்ணியவான் ஊரை முழுசாக விரித்துக் கடைசியில் போட்டிருந்தார். "இது ஊர், குடும்பம் இல்லை" என்றேன். "அப்படியானால் இவருக்குக் குடும்பம் இல்லையா?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் இரக்கத்தோடு கேட்டாள். தேனியிலிருந்து குமுளி வரைக்கும் ஊருக்கு நான்கு வீடு சொந்தம் வைத்திருக்கிற அத்தைக்கு. நான் வாதாடிக் களைத்து, எழுதிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அதன் பலன், ரயிலடியில் சிவப்புக் குடையோடு நின்ற வழிகாட்டியம்மா ஆள் சரிபார்க்கும்போது கிடைத்தது. போடிநாயக்கனூர் என்பதில் பாதிக்கு மேல் அவருக்கு ஓடவில்லை. "மிஸஸ் போடி" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, அந்தம்மா என்ன, எடுத்த எடுப்புல வையிதா?"

"இல்ல அத்தே. நம்ம ஊர்ப் பேரச் சொல்றாக."

"ஊர்ப் பேரா? அப்பச் சரி. சொல்லிட்டுப் போகட்டும்."

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வேலை. அப்படித்தான் சொன்னார். வாசலில் நின்று கையசைத்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

3

ஊர்ப் பெயர்களை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் தம்பி பூகோளப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிப்பான்.

முதல் ஊரில் பேராலயம். ரயிலடியிலிருந்து ஒரு பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு போனது. சாப்பாட்டுப் பையை பஸ்ஸிலேயே விட்டு இறங்கினோம். உள்ளே கூரையைப் பார்க்க அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். குடைக்காரம்மா பேசப் பேச, நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். யார் கட்டியது, கல் எங்கிருந்து வந்தது, எத்தனை ராஜாக்கள் மாறினார்கள். இதற்காகவே ஒரு மாதமாக நூலகத்தில் உட்கார்ந்து படித்திருந்தேன். அத்தையும் ஆர்வமாகத்தான் கேட்டு வந்தார். ஒரு பக்கத்தில் கல்லில் செதுக்கிய ஓர் ஆள் கைகூப்பியபடி மல்லாந்து படுத்திருந்தார். அத்தை நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இது எந்தச் சாமி? படுத்துக்கிட்டே கும்புடுறாரு."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். படித்த வாய், எங்கே மூடும்?

"சாமி இல்ல அத்தே. இந்த ஊர்ப் பிரபு. செத்து எண்ணூறு வருசம் ஆச்சு. இதுக்குள்ளதான் இருக்காரு."

"இதுக்குள்ளன்னா?"

"பெட்டியோட வச்சிருக்காக."

மறுபடி கன்னத்துக்குப் போன கை பாதியில் நின்றது. "கோயிலுக்குள்ளயா?"

"பெரிய மனுசன்ல. அதுதான் இங்கன மரியாதை."

"ராயப்பன்பட்டியில எம்புட்டுப் பெரிய மாதா கோயிலு. அங்கன கல்லறைத் தோட்டம் தனியாத்தான வச்சிருக்காக?" என்றவர் மெதுவாகக் கீழே பார்த்தார். "அப்ப நாம நிக்கிற எடம்?"

நானும் குனிந்தேன். தரையில் பாவியிருந்த பலகைக் கல்லில் எழுத்து இருந்தது. மனசுக்குள் படித்திருக்கலாம். சத்தமாக, தமிழில் படித்தேன். "இங்கே துயில்வது இன்னாரின் அன்பு மனைவி."

அத்தை இரண்டடி பின்னால் தாவினார். அங்கே கணவர் இருந்தார்.

4

எழவு வீட்டுக்குப் போய்வந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கும். கொல்லைப்புறத்துக் குழாயடியில் ஆளுக்கு ஒரு வாளி. கட்டிய துணியோடு தலை முழுக வேண்டும். அதுவரைக்கும் அடுப்புப் பற்றாது, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. பள்ளி இறுதித் தேர்வன்று காலையில் எதிர்வீட்டுத் தாத்தா போய்ச் சேர்ந்தார். எட்டிப் பார்த்துவிட்டு வந்த பாவத்துக்கு இரண்டாவது தடவையாகக் குளித்து, ஈரச் சடையோடு ஓடி, கணக்குப் பரீட்சைத் தாளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தச் சம்பிரதாயம் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவது என்று. போயும் விட்டேன். அது விமானம் ஏறி வந்து என் பக்கத்து ஸீட்டில் உட்காரும் என்று யார் கண்டது?

பேராலயத்துக்கு வெளியே புல்வெளியில் எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் பஸ்ஸிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து எலுமிச்சைச் சாதத் தூக்கை எடுக்கப் போனேன்.

"அதத் தொடாத" என்றார் அத்தை.

"மாத்திரை போட்டிருக்கீக."

"போட்டிருந்தா? பொணத்த மிதிச்சிட்டுச் சோத்துல எப்படிக் கை வைக்க? தல நனையாம ஒண்ணும் எறங்காது."

குடைக்காரம்மாவிடம் போய், குளிக்க எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டேன். நான் போட்ட சொல் பாத்ரூம். அவர் கழிப்பறையைக் காட்டினார். இல்லை, என் அத்தை தலையை நனைக்க வேண்டும் என்றேன். இன்னும் பெரிய கழிப்பறையைக் காட்டினார். சரி, அங்கே இருக்கிற குழாயிலாவது அள்ளித் தெளித்துவிடுகிறேன் என்று திரும்பி வந்து சொன்னால், அத்தை தலையை ஆட்டிவிட்டார்.

"அதுவும் இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான இருக்கு? அவுக எல்லைக்குள்ள குளிச்சா அவுக தீட்டு எப்படிப் போகும்?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். குடைக்காரம்மா குடையை உயர்த்தினார். பஸ் கிளம்பும் நேரம். இந்த நாட்டில் யார் மயங்கி விழுந்தாலும் பஸ் கிளம்பிவிடும்.

5

இரண்டாவது இடம் வெட்டவெளியில் வட்டமாக நட்டுவைத்த பெரிய பெரிய கற்கள். அப்பாடா, இங்கே கோயிலும் இல்லை, பிரபுவும் இல்லை என்று நினைத்தேன். குடைக்காரம்மா வாயைத் திறந்ததும், இந்தக் குழிகளில் எரித்த எலும்புகள் கிடைத்தன என்றார்.

"என்ன சொல்லுது?"

"சூரியனப் பாக்குறதுக்குக் கட்டுனதாம்" என்றேன். நான் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல மொழிபெயர்ப்பு.

அத்தை கற்களை ஒரு சுற்றுப் பார்த்தார். தூரத்தில் தெரிந்த மண்மேடுகளையும் பார்த்தார். "கடமலைக்குண்டுப் பக்கம் காட்டுக்குள்ள இந்த மாதிரிதான் கல்லு நட்டு வச்சிருக்கும். ஆடு மேய்க்கிறவுககூட அங்கன உக்காந்து கஞ்சி குடிக்க மாட்டாக. எங்கிட்டயா மறைக்கிற?"

காற்று அடித்த அடியில் எனக்கு மூக்கு விறைத்துப் போயிருந்தது. அத்தையின் மேலுதட்டில் வியர்வை. சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டார். பஸ்ஸில் எங்கள் பக்கத்து ஸீட்டில் வந்த கிழவர் ஒரு மிட்டாயை நீட்டினார். அதைச் சிரித்தபடி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பஸ்ஸில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவுகல்லாம் செத்து எண்ணூறு வருசம் ஆச்சு. தீட்டு இன்னுமா ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

"எண்ணூறு வருசமா ஒருத்தரும் கழுவி விடலையே" என்றார் அத்தை.

"நீங்க இப்ப மயங்கி விழுந்தா உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஒங்காத்தா தல முழுகாமச் சாப்புடலன்னு சொல்லு. அவனுக்குப் புரியும்."

"அவருக்குப் புரியாது. ரெண்டு வருசமா அவரு காலையில குளிக்கிறதே இல்ல."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகனைப் பற்றி அப்படிப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கையில் கிடைத்த கல் அதுதான்.

மறுபடி ரயில். மூன்றாவது ஊருக்குப் போகிற வண்டி. இந்தக் கடைசி இடத்துக்காகத்தான் நான் இந்தப் பயணத்தையே எடுத்தேன். ரோமானியர்கள் கட்டிய குளம். பூமிக்குள்ளிருந்து தானாகவே வெந்நீர் வருகிறது. அன்றைக்குப் பாவிய ஈயத் தகடு இன்னும் அடியில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவு படம் பார்த்ததிலிருந்து ஆசை. இப்போது கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. தண்ணீர்.

அத்தையின் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மடியில் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, நான் பார்க்காத மாதிரி வைத்திருந்தார். குடைக்காரம்மாவிடம் ஓடினேன். மிஸஸ் போடிக்கு உடம்பு சரியில்லை, முதலில் குளத்துக்குப் போய்விடலாமா என்றேன். அவர் கெட்டவர் இல்லை. முகம் வாடிவிட்டது. ஆனால் முதலில் மடாலயக் கோயில், பிறகுதான் குளம், நேரம் அப்படிப் பதிவாகியிருக்கிறது என்றார். அடுத்த நிலையத்தில் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"டாக்டர் வேண்டாம். அந்தக் கோயில் தரையில் என்ன இருக்கிறது?"

"ஓ, அற்புதம்" என்றார். "தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள்தான். ஒரு சாண் இடம் விட்டிருக்க மாட்டார்கள்."

6

மடாலயத்து எல்லைக்கு வெளியே, எதிரே இருந்த முற்றத்தில் ஒரு பெஞ்சியில் அத்தையை உட்கார வைத்தேன். மற்றவர்கள் குடைக்குப் பின்னால் உள்ளே போனார்கள். அத்தையின் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "வசந்தி" என்று என் பெயரைச் சொன்னார்.

முற்றத்தின் ஓரத்தில் ஒருவர் பூ விற்றுக்கொண்டிருந்தார். வாளி வாளியாகப் பூங்கொத்துகள், பக்கத்தில் ஒரு தகரப் பூவாளி. நான் போய் நின்றதும் ரோஜாவா, சாமந்தியா என்றார்.

"அந்தத் தண்ணீர் வேண்டும். என் அத்தை தலை குளிக்க வேண்டும்."

"இங்கேயா?"

"இங்கேதான். இப்போதே."

அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. "பாதிதான் இருக்கிறது. நிரப்பித் தரட்டுமா?" என்றார்.

டீக்கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் பிடித்து வந்தார். கோட்டையும் கம்பளிச் சட்டையையும் கழற்றி பெஞ்சியில் வைத்துவிட்டு அத்தை குனிந்தார். ஊற்றினேன். அக்டோபர் மாதத்துத் தண்ணீர். ஒரு முனகல் இல்லை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒரு குழந்தையை அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். முடிந்ததும் பையிலிருந்த தூக்கை எடுத்து மூடியைத் திருகப் பார்த்தார். நடுங்குகிற கைக்கு அது அசையவில்லை. நான் கை நீட்டினேன். தூக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீயுந்தான மிதிச்ச. நீ தொட்ட சோத்த நான் எப்படித் திங்க?"

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பியிருக்கலாம். முந்தின நாள்தான் சலூனில் உட்கார்ந்து முடியைச் சுருட்டியிருந்தேன். மூன்று வருஷமாக எதைச் சொல்லி இங்கே நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேனோ, அதையெல்லாம் கழற்றுகிற மாதிரி கோட்டைக் கழற்றினேன். பூக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டாவது தடவை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தைதான் ஊற்றினார். கை நடுக்கத்தில் பாதி என் ஷூவுக்குள் போனது.

"நல்லாக் குனி, ஆத்தா. காதுக்குப் பின்னால போகட்டும்."

எனக்குப் பல் கிட்டிவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. மூடியைத் திருகித் திறந்தேன். அத்தை முதல் கவளத்தை உருட்டாமலே வாயில் போட்டார். இரண்டாவது, மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கில் பாதி இறங்கியபோது விரல்கள் அடங்கின. அதன் பிறகுதான் நான் மூச்சுவிட்டேன்.

"உப்புப் பத்தல" என்றார் அத்தை.

மடாலயத்திலிருந்து மற்றவர்கள் வெளியே வந்தார்கள். குடைக்காரம்மா குடை நுனியால் தலைகளை எண்ணிக்கொண்டே வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்து கையால் சோறு தின்றுகொண்டிருந்த எங்களிடம் வந்ததும் எண்ணிக்கையை மறந்தார். பிறகு தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து அத்தையின் தலையில் சுற்றிவிட்டார். "மிஸஸ் போடி, இப்போது தேவலையா?" என்றார். அத்தை தூக்கை அவர் பக்கம் நீட்டி, எடுத்துக்கச் சொல்லு என்றார். அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது, கை வைத்திருந்தால் அவரும் குளிக்க வேண்டியிருந்திருக்கும்.

குளத்து வாசலில் சீட்டுக் கிழிப்பவர் எங்களை நிறுத்தினார். தரையெல்லாம் ஈரமாகும், வழுக்கும், நனைந்த துணியோடு உள்ளே விட முடியாது என்றார். குளிப்பதற்காகவே கட்டிய மண்டபம். வாதாட எனக்குச் சக்தி இல்லை. மற்றவர்கள் உள்ளே போனார்கள். நாங்கள் ரயிலடிக்குப் போய், காத்திருக்கும் அறையில் கணப்புக்குப் பக்கத்தில் சேலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தை வயிறு நிறைந்த நிம்மதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குத் தும்மல் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். நான் எவ்வளவு நாளாக அந்த வெந்நீர்க் குளத்தைப் பற்றிப் பேசி அவர்கள் உயிரை வாங்கியிருந்தேன் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

ஐஸ் மாதிரி இருந்தது என்றேன்.